கோடு போட்ட ஐந்தாவது வரி

போர்த்துகீசியம் கற்கச் சேர்ந்த முதல் வாரம். ஆசிரியை பலகையில் ‘பேசு’ என்ற வினையை ஆறு வரிகளில் எழுதினார். நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவர் பேசுகிறார், நாம் பேசுகிறோம், நீவிர் பேசுகிறீர், அவர்கள் பேசுகிறார்கள். எழுதி முடித்த கையோடு ஐந்தாவது வரியின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். “இது வேண்டாம். இப்போது யாரும் பேசுவதில்லை. தேர்விலும் வராது.” ஆறில் ஒன்று குறைந்ததே என்று நாங்களும் சந்தோஷமாக நோட்டில் அடித்துவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பரோடு போர்த்துகீசியத் திருப்பலிக்குப் போனேன். நான் படித்த வினைகள் ஒன்றிரண்டாவது காதில் விழும் என்று நினைத்தேன். விழுந்தவை வேறு. எழுங்கள், எடுங்கள், உண்ணுங்கள், மன்னியும், போங்கள் என்று பூசை முழுக்க அடித்த வரியின் ஆட்சிதான். வெளியே வந்ததும் அந்தக் கோட்டை ரப்பரால் அழித்தேன். அன்று தொடங்கிப் பொறுக்கிச் சேர்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். போர்த்துகீசியம் ஒரு சொல்கூடத் தெரியாதவருக்கும் புரியவேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் ஒன்று. போர்த்துகீசிய வினை தமிழ் வினை மாதிரிதான், விகுதியைப் பார்த்தே யார் செய்கிறார் என்று சொல்லிவிடலாம். ‘பேசுகிறேன்’ என்றால் ‘நான்’ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? அங்கேயும் ‘ஃபாலு’ என்றாலே நான் பேசுகிறேன். ‘ஃபாலஷ்’ என்றால் நீ பேசுகிறாய். நம் ஐந்தாவது வரியில் இருப்பது ‘வோஷ்’ என்ற சொல், அதாவது முன்னிலைப் பன்மை. அதற்குரிய வினை ‘ஃபலாய்ஷ்’. நீயின் ‘ஃபாலஷ்’ஷில் அழுத்தம் முதல் அசையில் விழும், இதில் இரண்டாம் அசைக்கு நகர்ந்துவிடும். காதுக்கு இரண்டும் குழம்பாது.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சொல்லின் கடைசியில் வரும் ஸகரத்தைப் போர்த்துகலில் ‘ஷ்’ என்பார்கள், பிரேசிலில் பெரும்பாலும் ‘ஸ்’. நான் போர்த்துகல் வழியில் எழுதுகிறேன், அதுவும் எழுத்தை ஒட்டித் தோராயமாக. உயிர்களுக்கு நடுவில் வரும் தமிழ் ‘த’ அங்கே மென்மையான ‘த’, ‘த்த’ என்றால் அழுத்தமான ‘த’. இந்த வேறுபாடு இன்னும் ஒரு நிமிடத்தில் தேவைப்படும்.

ஏனென்றால் இந்த வினைகளின் கதை முழுவதும் ஒரு ‘த’வின் கதை. லத்தீனில் ‘நீங்கள் அன்பு செய்கிறீர்கள்’ என்பதற்கு ‘அமாத்திஸ்’. லத்தீன் போர்த்துகீசியமாக மாறும்போது உயிர்களுக்கு நடுவே நின்ற வல்லோசைகள் இளகின. ‘வீத்தா’ என்ற லத்தீன் சொல், வாழ்க்கை என்று பொருள், ‘வீதா’ ஆயிற்று. அதே வழியில் ‘அமாத்திஸ்’ இளகி ‘அமாதெஷ்’ ஆயிற்று. இடைக்காலப் போர்த்துகீசியப் பாடல்களிலும் பத்திரங்களிலும் இந்த ‘தெஷ்’ வடிவம்தான் இருக்கும். பிறகு 15-ஆம் நூற்றாண்டில் அந்தத் தகரமும் கழன்று விழுந்தது. அமாதெஷ், அமாயெஷ், கடைசியில் அமாய்ஷ். தமிழ் எழுத்தில் இந்த மூன்று படியும் எவ்வளவு அழகாகத் தெரிகிறது பாருங்கள்: த்த, த, ஒன்றுமில்லை.

இதில் விசேஷம் என்னவென்றால், தகரம் எல்லாச் சொல்லிலும் விழவில்லை. ‘வீதா’ இன்றைக்கும் ‘வீதா’தான். ‘அமாது’ என்றால் அன்புக்குரியவன், அதிலும் ‘த’ பத்திரமாக இருக்கிறது. முன்னிலைப் பன்மை விகுதியில் மட்டும் போயிற்று. பக்கத்து வீடான கலீசியாவில், அதாவது ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த கலீசிய மொழி பேசுகிறார்கள். அவர்கள் அந்தத் தகரத்தை இன்றும் விடவில்லை. கலீசியத்தில் ‘ஃபலாதெஸ்’ என்பது பாட்டி முதல் பள்ளிப்பிள்ளை வரை பேசும் சாதாரணச் சொல். போர்த்துகலில் அதே வடிவத்தைப் பழம்பத்திரத்தில்தான் பார்க்க முடியும்.

சரி, விழுந்த பிறகு மிஞ்சியது என்ன? போர்த்துகீசிய வினைகள் மூன்று குடும்பம். ‘ஃபலார்’ பேசுதல், ‘கொமேர்’ உண்ணுதல், ‘பர்த்தீர்’ புறப்படுதல். இவற்றின் நிகழ்கால வோஷ் வடிவங்கள் ஃபலாய்ஷ், கொமெய்ஷ், பர்த்தீஷ். ஆய்ஷ், எய்ஷ், ஈஷ். இந்த மூன்று வாலும் காதில் ஒட்டிக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இறந்தகாலத் தொடர்வினையான ‘பேசிக்கொண்டிருந்தீர்கள்’ என்பதற்கு ‘ஃபலாவெய்ஷ்’, எதிர்காலத்துக்கு ‘ஃபலரெய்ஷ்’. எல்லாம் அதே ‘எய்ஷ்’ தான். காலம் நடுவில் இருக்கிறது, ஆள் கடைசியில் இருக்கிறது. நம் பேசு-கிற்-ஈர் மாதிரி.

இனி சிரமமானது என்று இலக்கணப் புத்தகங்கள் பயமுறுத்தும் பகுதி. சில வினைகளில் தகரம் விழாமல் அப்படியே நிற்கிறது. ‘தெந்தெஷ்’ என்றால் உங்களிடம் உள்ளது. ‘வீந்தெஷ்’ என்றால் வருகிறீர்கள். ‘பொந்தெஷ்’ என்றால் வைக்கிறீர்கள். புத்தகங்கள் இவற்றை விதிவிலக்கு என்று பெட்டி கட்டி வைக்கும். எனக்கு அந்தப் பெட்டியே பிடிக்காது, ஏனென்றால் காரணம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. இந்த மூன்றிலும் தகரத்துக்கு முன்னால் மூக்கொலி ஒன்று முட்டுக் கொடுத்து நிற்கிறது. இரண்டு உயிருக்கு நடுவே தனியாக அகப்பட்ட தகரம்தான் விழுந்தது, துணைக்கு ஆள் இருந்த தகரம் பிழைத்தது. ‘நீங்கள் பேசினால்’, ‘நீங்கள் பேசுவதற்கு’ என்ற இடங்களில் வரும் ‘ஃபலார்தெஷ்’ஷிலும் அதே கதைதான், அங்கே முட்டுக் கொடுப்பது ரகரம்.

இன்னொரு சிறு கூட்டமும் உண்டு. ‘வேதெஷ்’ பார்க்கிறீர்கள், ‘லேதெஷ்’ படிக்கிறீர்கள், ‘க்ரேதெஷ்’ நம்புகிறீர்கள், ‘ரீதெஷ்’ சிரிக்கிறீர்கள், ‘ஈதெஷ்’ போகிறீர்கள். இங்கே முட்டுக் கொடுக்க யாருமில்லை, ஆனாலும் தகரம் விழவில்லை. ஒன்றை விழவைத்துப் பாருங்கள். ‘வேதெஷ்’ஷில் தகரம் போனால் மிஞ்சுவது ‘வேஷ்’. அது ஏற்கெனவே ‘நீ பார்க்கிறாய்’ என்பதன் வடிவம். ‘லேதெஷ்’ போனால் ‘லேஷ்’, அது ‘நீ படிக்கிறாய்’. ஒற்றை அசை வினைகள் இவை, உடம்பே சிறியது, தகரமும் போனால் ‘நீ’க்கும் ‘நீவிரு’க்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் மொழி இங்கே மட்டும் கையைக் கட்டிக்கொண்டது.

கட்டளை வினைக்கு வருவோம், உண்மையில் நாம் அதிகம் சந்திக்கப்போவது அதைத்தான். அதைச் செய்வது வெகு சுலபம். நிகழ்கால வடிவத்தின் கடைசி ‘ஷ்’ஷை வெட்டிவிட்டால் கட்டளை. ஃபலாய்ஷ் என்பது ஃபலாய், ‘பேசுங்கள்’. கொமெய்ஷ் என்பது கொமெய், ‘உண்ணுங்கள்’. வீந்தெஷ் வெட்டினால் வீந்தெ, ‘வாருங்கள்’. ஈதெஷ் வெட்டினால் ஈதெ, ‘போங்கள்’. ஒரே ஒரு வினைதான் அடங்காது: ‘இருக்கிறீர்கள்’ என்பது ‘ஸோய்ஷ்’, ஆனால் ‘இருங்கள்’ என்பது ‘ஸேதெ’. இந்த ‘ஸேதெ’வுக்குத் தாகம் என்றும் பொருள் உண்டு. எகரத்தைக் கொஞ்சம் திறந்து சொன்னால் தலைமை அலுவலகம் என்றும் ஆகும். பழைய நூல் ஒன்றில் ‘பரிசுத்தமாயிருங்கள்’ என்பதை ‘பரிசுத்தத் தாகம்’ என்று நான் படித்து வைத்தது தனிக்கதை.

‘செய்யாதீர்கள்’ என்று தடுக்கும்போது மட்டும் வடிவம் மாறும். ‘பேசாதீர்கள்’ என்பதற்கு ‘நாவ்ன் ஃபலெய்ஷ்’. ஆய் போய் எய் வருகிறது, ஷ் திரும்ப ஒட்டிக்கொள்கிறது.

இப்போது கத்தோலிக்கர் சொல்லும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைக் கையில் எடுங்கள். ‘பாய் நோஸ்ஸு’ என்று தொடங்கும். பாய் என்றால் தந்தை, நோஸ்ஸு எங்கள். அடுத்து ‘கெ எஷ்த்தாய்ஷ்’, இருக்கிறீரே என்பது, நமது ஆய்ஷ். பின்னால் ‘வோஸ்ஸு’ என்று வருவது ‘உம்முடைய’. உம் நாமம், உம் இராச்சியம், உம் சித்தம், மூன்றுக்கும் வோஸ்ஸு, பெண்பாற் சொல்லுக்கு முன்னால் வோஸ்ஸா. அப்பம் கேட்கும் இடத்தில் ‘தாய்’, அதாவது தாரும். (நீ என்று சொன்னால் ‘தா’. நம் ‘தா’வும் அவர்கள் ‘தா’வும் தற்செயலாக ஒன்றுபோல இருப்பவை, உறவு கொண்டாட வேண்டாம்.) பாவம் பொறுக்கக் கேட்கும் இடத்தில் ‘பெர்தோவாய்’, மன்னியும். சோதனையில் விழவிடாதேயும் என்ற இடத்தில் பார்த்தீர்களா, தடுக்கும் வடிவம்: ‘தெய்ஷெய்ஷ்’. கடைசியில் ‘லிவ்ராய்’, விடுவியும். ஒரு நிமிட ஜெபத்துக்குள் நிகழ்காலம், கட்டளை, எதிர்மறைக் கட்டளை, உடைமைச் சொல் என்று ஐந்தாவது வரியின் முழுப் பாடமும் இருக்கிறது. மாதாவை நோக்கிய மங்கள வார்த்தை ஜெபத்தில் ‘ரோகாய் போர் நோஷ்’ வரும். தமிழில் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’.

அந்த ‘வேண்டிக்கொள்ளும்’ என்பதில் ஒரு நொடி நிற்போம். நாம் தினசரி வாழ்க்கையில் யாரிடமும் ‘கொள்ளும்’, ‘தாரும்’ என்று பேசுவதில்லை. நெல்லைப் பக்கம் ‘வாரும்வே’ என்பதுண்டு, அது வேறு. ஆனால் ஜெபத்தில் இந்த வடிவம் யாருக்கும் விநோதமாகத் தோன்றாது. போர்த்துகீசியருக்கு ‘ரோகாய்’ எப்படி ஒலிக்கிறது என்று கேட்டால் இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஆனால் ஒரு கேள்வி எழவேண்டும். கடவுள் ஒருவர். மாதா ஒருவர். வோஷ் பன்மை. ஒருவரிடம் எதற்குப் பன்மை? தமிழருக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. பழந்தமிழில் நீயிர், நீவிர், நீர் எல்லாம் பலரைக் குறித்தவை. பிறகு ‘நீர்’ ஒருவருக்கு மரியாதை ஆயிற்று. பலருக்கு ‘நீங்கள்’ என்று ஒரு ‘கள்’ சேர்த்தோம், அதுவும் ஒருவருக்கு மரியாதை ஆயிற்று. வோஷ் சரியாக நம் ‘நீர்’ நடந்த பாதையில் நடந்தது. முதலில் பலர், பிறகு பெரியவர் ஒருவர்.

இரண்டு பொருளும் ஒரே இடத்தில் தெரியவேண்டுமானால் கமோயிஷ் எழுதி 1572-இல் வெளிவந்த ‘லூசியாதர்’ காவியத்தின் தொடக்கத்தைப் பார்க்கலாம். நான்காவது பாட்டில் கவிஞர் தேழு நதியின் தேவதைகளை ‘வோஷ்’ என்று அழைக்கிறார், ‘தெந்தெஷ்’ என்று வினை வருகிறது. அது நிஜப் பன்மை. இரண்டு பாட்டு தள்ளி ஆறாவது பாட்டில் மறுபடி ‘வோஷ்’. இம்முறை எதிரே இருப்பவர் அரசர் செபஸ்தியான், 18 வயது இளைஞர், ஒரே ஆள். சொல் ஒன்று, விகுதி ஒன்று. யாரோடு பேசுகிறார் என்பதை இடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

புராட்டஸ்டண்டுகள் வேறு வழி போனார்கள். ஜொவாங் ஃபெரெய்ரா தெ அல்மெய்தா என்ற போதகரின் போர்த்துகீசியப் புதிய ஏற்பாடு 1681-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. இவர் நம் பக்கத்து ஆள் என்றே சொல்லலாம். டச்சுக்காரர்களின் சபையில் சேர்ந்து இலங்கையிலும் தூத்துக்குடியிலும் ஊழியம் செய்தவர், பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இறந்தவர். பிரேசில் புராட்டஸ்டண்டுகள் இன்று கையில் வைத்திருக்கும் அல்மெய்தா வேதாகமத்தில் தந்தைக்கு ‘எஷ்த்தாஷ்’, ‘தெவு’. அதாவது ‘நீ இருக்கிறாய்’, ‘உன்’ நாமம். மூலத்தில் ஒருமை என்றால் ஒருமைதான். அதே வேதாகமத்தில் சீடர்கள் பலரைப் பார்த்து ‘நீங்கள் உலகத்துக்கு ஒளி’ என்னும் இடத்தில் ‘வோஷ் ஸோய்ஷ்’ வருகிறது. ஆக, பிரேசிலில் ஒருவர் ஜெபத்தை ‘எஷ்த்தாய்ஷ்’ என்று தொடங்கினால் கத்தோலிக்கர், ‘எஷ்த்தாஷ்’ என்று தொடங்கினால் புராட்டஸ்டண்டு என்று ஓரளவு ஊகிக்கலாம். ஓர் இகரத்தில் சபை தெரிந்துவிடும்! தமிழில் இந்தச் சிக்கல் இல்லை, இரண்டு சபையும் ‘உம்’ என்றே நின்றுவிட்டன.

அப்புறம் வோஷ் எப்படி இறந்தது? மரியாதைதான் கொன்றது. மரியாதைச் சொல் ரூபாய் நோட்டு மாதிரி, கைமாறக் கைமாற மதிப்பு இறங்கும். அரசருக்குச் சொன்ன வோஷ்ஷை ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லத் தொடங்கியதும், பெரிய மனிதர்களுக்குப் புதிதாக ஏதாவது வேண்டியிருந்தது. அப்படி வந்தது ‘வோஸ்ஸா மெர்ஸே’, ‘உமது அருள்’ என்று பொருள். இதன் வினை முன்னிலையில் வராது, படர்க்கையில் வரும். ‘உமது அருள் என்ன சொல்கிறது?’ விநோதமாக இருக்கிறதா? மடங்களில் ‘சந்நிதானம் எப்போது எழுந்தருளும்?’ என்று எதிரே இருப்பவரிடமே கேட்பதில்லையா? ‘ஐயாவுக்கு என்ன வேண்டும்?’ என்று கடைக்காரர் நம்மையே கேட்பதில்லையா? அதே வித்தை. எதிரில் இருப்பவரை நேராகத் தொடாமல் பக்கவாட்டில் தொடுவது.

இந்த ‘அருள்’ முதலில் அரசருக்கு இருந்தது. அவருக்கு மாட்சிமை, உயர்வு என்று இன்னும் பெரிய பட்டங்கள் வந்ததும் கீழே இறங்கிப் பிரபுக்களிடம் வந்தது, பிறகு வியாபாரிகளிடம், பிறகு தெருவுக்கு. இறங்க இறங்கத் தேய்ந்தது. வோஸ்ஸா மெர்ஸே, வொஸ்ஸெமெஸே, வொஸ்மெஸே, வொஸே. பிரேசிலில் இன்னும் தேய்ந்து பேச்சில் வெறும் ‘ஸே’. ஸ்பானியத்தின் ‘உஸ்தெத்’தும் இப்படி ‘உமது அருள்’ தேய்ந்து பிறந்ததுதான். பிரேசிலில் இன்று ‘வொஸே’ சாதாரண ‘நீ’. போர்த்துகலில் ஜாக்கிரதை: பெரியவரிடம் ‘வொஸே’ என்று நேராகச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். “வொஸே என்பது குதிரை லாயம்” என்று பிள்ளைகளைக் கண்டிக்கும் வழக்கு அங்கே உண்டு. அருள் லாயத்துக்குப் போன கதை.

வொஸேயின் பன்மை ‘வொஸேஷ்’. பலரிடம் பேச அது வந்து உட்கார்ந்ததும் வோஷ்ஷுக்கு வேலையில்லை. ஒருவருக்கான மரியாதை வேலை 18-ஆம் நூற்றாண்டு வாக்கில் போயிருந்தது. பலருக்கான வேலை அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. வொஸேஷ் படர்க்கை வினையோடு வருவதால் பாடம் படிப்பவருக்கு ஒரு வசதி: ‘அவர்கள் பேசுகிறார்கள்’ என்பதன் ‘ஃபாலாவ்ன்’ வடிவமே ‘நீங்கள்’ என்பதற்கும் போதும். ஆறு வரி ஐந்தாகக் குறைந்தது இப்படித்தான். ஆசிரியை கோடு போட்டது சும்மா இல்லை.

ஆனால் செத்த வீட்டில் சாமான் மிச்சம் இருக்கும் அல்லவா. போர்த்துகலில் வினை போனாலும் ‘வோஸ்ஸு’ போகவில்லை. நண்பர்கள் நாலு பேரிடம் ‘உங்க கார் எங்கே?’ என்று கேட்க இன்றும் அதுதான் சொல். ‘உங்களோடு’ என்பதற்கு ‘கொன்வோஷ்கு’வும் உயிரோடு இருக்கிறது. இந்தக் கொன்வோஷ்குவைப் பிரித்தால் சிரிப்பு வரும். லத்தீன் ‘வோபிஸ்கும்’ என்பதிலேயே ‘கும்’, அதாவது ‘ஓடு’, கடைசியில் இருக்கிறது. அது தேய்ந்து வோஷ்கு ஆனதும் உள்ளே ‘ஓடு’ இருப்பது மறந்துபோய், முன்னால் இன்னொரு ‘ஓடு’ சேர்த்தார்கள். ‘உங்களோடோடு’. நம்ம ஊர் ‘நடு சென்டர்’, ‘கேட்டு வாசல்’ வகையறா.

தேசிய கீதத்திலும் வோஷ் இருக்கிறது. போர்த்துகல் கால்பந்து அணி ஆடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அந்தக் கீதத்தைக் கேட்டிருப்பீர்கள். 1890-இல் எழுதி, 1911-இல் அதிகாரபூர்வமானது. கடலின் வீரர்களையும் மக்களையும் விளித்து ‘லெவன்த்தாய்’ என்கிறது, ‘உயர்த்துங்கள்’. நமக்குத் தெரிந்த ஆய். அடுத்த வரிகளில் தாயகத்தை விளிக்கும்போது ‘உன்’ முன்னோர் என்று ஒருமைக்கு மாறிவிடும். பலர் என்பதால் அங்கே வோஷ், தாய் என்பதால் இங்கே நீ. பெற்ற தாயை யார் ‘நீர்’ என்பார்கள்?

உயிரோடு இருக்கும்போது செய்யாத குழப்பத்தை வோஷ் இறந்தபிறகு செய்கிறது. இரண்டு சொல்கிறேன். ‘நீ பேசினாய்’ என்பது ‘ஃபலாஷ்த்தெ’. ‘நீவிர் பேசினீர்’ என்பது ‘ஃபலாஷ்த்தெஷ்’. மற்ற எல்லாக் காலங்களிலும் நீயின் வினை ஷ்ஷில் முடியும், இந்த ஒரு காலத்தில் மட்டும் முடியாது. அதனால் பேச்சில் பலர் தாமாகவே ஒரு ஷ் சேர்த்து நண்பனிடம் ‘ஃபலாஷ்த்தெஷ்’ என்பார்கள். பள்ளி ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் தவறு இது. வோஷ் நடமாடிக்கொண்டிருந்தால் இந்தத் தவறு இவ்வளவு பரவியிருக்காது என்பது என் அபிப்பிராயம். இரண்டாவது, சட்டமன்ற நடையைப் போலச் செய்பவர்களின் தவறு. ‘வோஸ்ஸா’ என்று தொடங்கும் பட்டப்பெயரைக் கேட்டவுடன் வினையையும் வோஷ்ஷுக்குப் போட்டுவிடுவார்கள். போடக்கூடாது. சந்நிதானம் எழுந்தருளும், எழுந்தருள்வீர் இல்லை.

கடல் தாண்டிய கதையும் உண்டு. போர்த்துகீசியர் நம் கரைக்கு வந்த காலத்தில் வோஷ் அவர்கள் வாயில் உயிரோடு இருந்த சொல். தமிழை ரோமன் எழுத்தில் போட்டுப் போர்த்துகீசியத்தோடு சேர்த்த ஜெபப் புத்தகம் லிஸ்பனில் 1554-இல் அச்சானது. மேலே சொன்ன அரசர் செபஸ்தியான் பிறந்த அதே ஆண்டு. அவர்களிடமிருந்து சாவி, சன்னல், மேசை, அலமாரி எல்லாம் வாங்கிக்கொண்டோம், வினைவிகுதி ஒன்றும் வாங்கவில்லை. அது யாரும் வாங்குகிற சரக்கும் இல்லை. ஆனால் போர்த்துகீசியம் மற்ற மொழிகளோடு கலந்து பிறந்த கலப்பு மொழிகள் வோஷ்ஷை வேறு விதமாக வைத்திருக்கின்றன. மலாக்காவின் கிறிஸ்தாங் மொழியில் ‘போஸ்’ என்றால் சாதாரண ‘நீ’. கேப் வெர்டேயில் ‘போ’. மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துகீசியத்தில் வினை ஆளுக்கேற்ப மாறுவதே இல்லை. தாய்நாட்டில் சொல் செத்து விகுதி ஜெபத்தில் பிழைத்தது, மலாக்காவில் விகுதி செத்துச் சொல் வீட்டுக்குள் பிழைத்தது.

‘யாரும் பேசுவதில்லை’ என்று ஆசிரியை சொன்னாரே, அது லிஸ்பனுக்கும் ரியோவுக்கும் பொருந்தும். போர்த்துகலின் வடக்கே மீன்யு, த்ராஸ்-உஷ்-மோந்த்தெஷ், பெய்ரா பக்கத்துக் கிராமங்களுக்குப் போனால் பொருந்தாது. அங்கே சந்தைக்குக் கிளம்பும் பக்கத்து வீட்டாரை ‘ஈதெஷ்?’ என்று சாதாரணமாகக் கேட்பார்கள், போகிறீர்களா என்று. ஜெபத்தொனி எதுவும் இருக்காது. வகரத்தைப் பகரமாகச் சொல்வதும் அந்த வட்டாரத்தின் அடையாளம். வோஷ் அங்கே ‘போஷ்’. பிள்ளைகள் நகரத்துக்கு வந்ததும் கேலிக்குப் பயந்து விட்டுவிடுகிறார்கள், வீட்டுக்குப் போனால் திரும்பி வந்துவிடுகிறது.

எங்கள் வகுப்பு முடிகிற மாதம், டிசம்பர். இடைவேளையில் நடைபாதையில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். ஆசிரியைக்கு ஊரிலிருந்து போன் வந்தது, அண்ணன் குடும்பம் கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்தார்கள் போல. நாங்கள் இருப்பதை மறந்து, வகுப்பில் நாங்கள் ஒருநாளும் கேட்டிராத வேகத்தில் பேசிக்கொண்டே போனவர், சத்தமாக ஒன்று கேட்டார்:

“கான்து பீந்தெஷ்?”

எப்போது வருகிறீர்கள். நான் நோட்டைத் திறந்து, அழித்த கோட்டின் தடம் இன்னும் தெரிந்த அந்த ஐந்தாவது வரியை அவரிடம் காட்டினேன். போனைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். “அது வீட்டில்,” என்றார்.